போருக்குப் போகாதவருக்குப் பதக்கம்: அமெரிக்க டிராஃப்ட் போர்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்ற கோடையில் ஒரு பழம்பொருள் சந்தையில் சின்ன வெண்கலப் பதக்கம் ஒன்றை வாங்கினேன். விற்றவர் “இரண்டாம் உலகப் போர் வீரருடையது” என்று சொல்லித்தான் கொடுத்தார். வீட்டுக்கு வந்து எழுத்துகளைத் துடைத்துப் படித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அது போருக்குப் போனவருடையது அல்ல, போருக்கு ஆள் அனுப்பியவருடையது. ஊரில் யார் யார் படைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்த டிராஃப்ட் போர்டின் உறுப்பினருக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயரால் தரப்பட்ட பதக்கம். இதைப் பார்த்த நண்பர்கள் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்காக நான் தேடிப் படித்ததையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

டிராஃப்ட் போர்டு என்றால் என்ன?

கட்டாய ராணுவ ஆள்சேர்ப்பைத்தான் அமெரிக்காவில் ‘டிராஃப்ட்’ என்கிறார்கள். அதை நடத்தும் அமைப்பின் பெயர் செலக்டிவ் சர்வீஸ். ‘செலக்டிவ்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லாரையும் அள்ளிக்கொண்டு போவதில்லை, பொறுக்கி எடுப்பார்கள். அந்தப் பொறுக்கும் வேலையை வாஷிங்டன் செய்யவில்லை. மாவட்டத்துக்கு ஒன்று, பெரிய நகரமானால் பகுதிக்கு ஒன்று என்று உள்ளூர் வாரியங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று பேர், எல்லாரும் சிவிலியன்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்தை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். ஒரே வித்தியாசம், இந்தப் பஞ்சாயத்தில் தீர்ப்பாவது வாய்க்கால் தகராறு அல்ல, ஒரு பையனின் உயிர்.

ராணுவமே நேரடியாக ஆள் எடுத்திருக்கலாமே? ஏன் ஊர்க்காரர்களிடம் விட்டார்கள்?

ஒரு முறை நேரடியாக எடுத்துப் பார்த்துச் சூடுபட்டவர்கள். உள்நாட்டுப் போரின்போது, 1863இல் வந்த சட்டப்படி ராணுவ அதிகாரிகளே வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினார்கள். கூடவே ஒரு சலுகையும் இருந்தது. 300 டாலர் கட்டினால் போக வேண்டாம், அல்லது பதிலாள் ஒருவரை அனுப்பலாம். அன்றைய கூலித் தொழிலாளிக்கு அது ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம். அந்த ஜூலையில் நியூயார்க் நகரமே பற்றி எரிந்தது. நான்கு நாள் கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கோபம் பணக்காரர்கள் மேல் தொடங்கி, கொலைவெறி கறுப்பின மக்கள் மேல் இறங்கியது. கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்தைக்கூடக் கொளுத்தினார்கள்.

1917இல் முதல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது பொறுப்பேற்ற ஜெனரல் இனாக் கிரவுடர் இந்தப் பாடத்தை மறக்கவில்லை. பதிலாள் கிடையாது, பணம் கட்டித் தப்ப முடியாது, வாசலில் வந்து நிற்பவன் சீருடைக்காரனாக இருக்கக் கூடாது. 4,600க்கும் அதிகமான உள்ளூர் வாரியங்கள் உருவாயின. போர் முடிவதற்குள் சுமார் 2.4 கோடிப் பேர் பதிவு செய்தார்கள், 28 லட்சம் பேர் படையில் சேர்க்கப்பட்டார்கள். அரசின் மேல் வரவேண்டிய கோபத்தை ஊர்ப் பெரியவர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

வாரியத்திடம் மாட்டியவரே பிறகு வாரியத்தை நடத்திய கதை உண்டாமே?

உண்டு. ஆல்வின் யார்க். டென்னசி மாநிலத்தில் பால் மால் என்ற மலையோரக் கிராமத்துக்காரர். 1917 ஜூன் மாதம் பதிவுச் சீட்டில், விலக்குக் கேட்கிறீர்களா என்ற இடத்தில், சண்டை போட விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அவர் சேர்ந்திருந்த சிறிய கிறித்தவ சபையின் போதனை அப்படி. பதிவுக்கு உதவியவரும் அவருடைய போதகர்தான். வாரியமோ அந்தச் சபைக்குப் போரைத் தடுக்கும் எழுதப்பட்ட கோட்பாடு எதுவும் இல்லை என்று சொல்லி மனுவைத் தள்ளியது. மேல்முறையீடும் எடுபடவில்லை.

போனார். 1918 அக்டோபர் 8 அன்று பிரான்சின் ஆர்கான் காட்டில் அவரும் அவருடன் மிஞ்சிய சில வீரர்களும் 132 ஜெர்மானியர்களைச் சிறைபிடித்து வந்தார்கள். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது. அடுத்த உலகப் போரில் ஐம்பது வயதைத் தாண்டியிருந்த யார்க் மறுபடி போரிடக் கேட்டபோது உடல்நிலை காரணமாக மறுத்துவிட்டார்கள். ஃபென்ட்ரெஸ் மாவட்ட டிராஃப்ட் போர்டின் தலைமைதான் அவருக்கு வந்தது. முன்பு தன் மனுவைத் தள்ளிய அதே மாவட்டம். இந்த முறை மனு கொடுப்பவர்கள் அடுத்த தலைமுறைப் பிள்ளைகள், மேசைக்கு இந்தப் பக்கம் அவர்.

வாரியம் தவறாக மறுத்ததால்தான் நாட்டுக்கு ஒரு வீரர் கிடைத்தார் என்று சிலர் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. யார்க் திரும்பி வந்தார், அதனால் நமக்கு அவர் பெயர் தெரிகிறது.

1940இல் என்ன மாறியது?

போரில் இறங்கும் முன்பே சட்டம் வந்துவிட்டது. 1940 செப்டம்பர் 16 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். அமைதிக் காலத்தில் அமெரிக்காவில் வந்த முதல் கட்டாய ஆள்சேர்ப்பு அதுதான். அக்டோபர் 16, ஒரே நாளில், 21 முதல் 35 வயதுக்குட்பட்ட சுமார் 1.6 கோடி ஆண்கள் பதிவு செய்தார்கள். அக்டோபர் 29 அன்று, யாரை முதலில் கூப்பிடுவது என்று குலுக்கல். போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சனின் கண்ணைக் கட்டினார்கள். கட்டிய துணி சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட மண்டபத்து நாற்காலி ஒன்றின் உறைத் துணியாம். சீட்டுகள் இருந்த கண்ணாடிக் கிண்ணம் 1917 குலுக்கலில் பயன்பட்டதே. சடங்கு சம்பிரதாயத்தில் அவர்களும் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர்.

முதலில் வந்த எண் 158. ஒவ்வொரு வாரியமும் தன் ஊர்ச் சீட்டுகளுக்குத் தானே எண் போட்டிருந்தது. ஆகவே நாடு முழுக்க 6,000க்கும் மேற்பட்ட ‘158’கள் அன்று வானொலி முன் உட்கார்ந்திருந்தார்கள்.

தொடக்கத்தில் ஒரு வருடச் சேவைதான். 1941 ஆகஸ்டில் அதை நீட்டிக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 203க்கு 202 என்று ஒரே ஒரு வாக்கில் பிழைத்தது. நான்கு மாதத்தில் பேர்ல் ஹார்பர் மேல் ஜப்பானின் தாக்குதல், அமெரிக்காவும் போரில் இறங்கியது.

வாரியத்தில் யார் உட்கார்ந்தார்கள்? சம்பளம் உண்டா?

உறுப்பினர்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. மாநில ஆளுநர் பரிந்துரைப்பார், குடியரசுத் தலைவர் பெயரால் நியமனம் வரும். கடைக்காரர், வக்கீல், வங்கிக்காரர், பெரிய விவசாயி, முதல் போரில் பணியாற்றிய முன்னாள் சிப்பாய் என்று ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த ஆண்கள். பெண்களை உறுப்பினராக விட 1967வரை ஆயிற்று. ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு அலுவலகத்தை உண்மையில் நடத்திய எழுத்தர்களில் பெரும்பாலோர் பெண்கள். வாரியம் மாதத்தில் சில மாலைகள்தான் கூடும். கோப்பு எங்கே, எவர் கடிதம் போட்டார், எந்த அம்மா வாசலில் வந்து அழுதார் என்பதெல்லாம் எழுத்தருக்குத்தான் தெரியும். உடற்பரிசோதனை செய்த உள்ளூர் மருத்துவர்களும் பல் மருத்துவர்களும்கூட இலவசமாகவே செய்தார்கள்.

இரண்டாம் போர்க் காலத்தில் இப்படி ஏறத்தாழ 6,400 வாரியங்கள். அவற்றின் வழியாகப் படைக்குப் போனவர்கள் சுமார் ஒரு கோடிப் பேர்.

யாரை அனுப்புவது, யாரை விடுவது என்று எப்படி முடிவு செய்தார்கள்?

குலுக்கல் வரிசையைத்தான் தரும். விதியை எழுதியது வகைப்பாடு. நீண்ட கேள்வித்தாளை நிரப்பி அனுப்ப வேண்டும். அதைப் படித்து வாரியம் ஒரு வகை கொடுக்கும். 1-ஏ என்றால் பெட்டியைக் கட்டலாம். 2-ஏ நாட்டுக்கு அவசியமான சிவிலியன் வேலையில் இருப்பவர். 3-ஏ குடும்பம் அவரை நம்பியிருக்கிறது. 4-எஃப் உடலோ மனமோ தகுதியில்லை. இந்தக் கடைசி வகை ஒரு வசவுச் சொல்லாகவே ஆகிவிட்டது. காது கேட்காதவரையும் காச நோயாளியையும் தெருவில் நிறுத்தி, “நீ ஏன் போகவில்லை?” என்று கேட்டவர்கள் உண்டு.

ஊர்க்காரர்களிடம் விட்டதன் நன்மையும் தீமையும் இங்கேதான். விவசாய மாவட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, ஒரு பையன் போனால் அந்த வீட்டில் பால் கறக்க ஆள் உண்டா இல்லையா என்று தெரியும். 1942 நவம்பரில் விவசாயத் தொழிலாளருக்குத் தனி விலக்குச் சட்டமே வந்தது. படைக்குப் பயந்து வேலை செய்கிற மாதிரி நடிப்பவன் எவன் என்றும் அவருக்குத் தெரியும். அதே ஆளுக்கு, எவன் அப்பாவுடன் தனக்குப் பழைய வரப்புத் தகராறு என்பதும் மறந்திருக்காது.

குழந்தைகள் உள்ள அப்பாக்களை என்ன செய்வது என்பதில்தான் வாரியங்கள் மிகவும் திணறின. போருக்கு முன்பே குழந்தை பெற்றவர்களை முடிந்தவரை விட்டுவைத்தார்கள். மணமாகாதவர்கள் தீர்ந்துகொண்டே வந்தார்கள். 1943 அக்டோபர் முதல் அப்பாக்களுக்கும் ஓலை போக ஆரம்பித்தது. அந்த ஓலையின் வாசகத்தைப் படித்தபோதுதான் இந்த அமைப்பின் சாமர்த்தியம் எனக்கு உறைத்தது. குடியரசுத் தலைவரின் வாழ்த்தோடு தொடங்கும். அடுத்த வரியிலேயே, உங்கள் அண்டை அயலார் அடங்கிய உள்ளூர் வாரியத்திடம் நீங்கள் உங்களை ஒப்படைத்ததை அடுத்து, சேவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள் என்று வரும். கூப்பிடுவது வாஷிங்டன், கையைக் காட்டுவது பக்கத்து வீட்டுக்காரரை நோக்கி.

முடிவு பிடிக்காவிட்டால் எங்கே போவது?

மேல்முறையீட்டு வாரியத்துக்கு, அதுவும் குறிப்பிட்ட சில நாட்களுக்குள். உள்ளூர் வாரியத்தின் முன் நேரில் நின்று பேசலாம், ஆனால் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. அவர்களுடைய முடிவே இறுதியானது என்று சட்டம் சொன்னதால் நீதிமன்றங்களும் வெகுகாலம் ஒதுங்கியே நின்றன. 1946இல் எஸ்டெப் வழக்கில்தான், முடிவுக்கு எந்த ஆதாரமுமே இல்லையென்றால் தலையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் கதவை ஒரு விரற்கடை திறந்தது. போர் முடிந்த பிறகு.

கொல்ல மாட்டேன் என்று மனசாட்சிப்படி மறுத்தவர்கள்?

மதப் பயிற்சியும் நம்பிக்கையும் காரணம் என்று வாரியத்தை நம்பவைக்க வேண்டும். நம்பினால் இரண்டு வழி. ஆயுதமில்லாமல் படையில், பெரும்பாலும் மருத்துவப் பிரிவில் பணி. அதுவும் வேண்டாமென்றால் சிவிலியன் முகாம். காடு வளர்ப்பது, தீயணைப்பது, மனநல மருத்துவமனையில் வேலை. சுமார் 12,000 பேர் இப்படிச் சம்பளமின்றி உழைத்தார்கள். முகாம் செலவைக்கூட குவேக்கர், மென்னனைட் போன்ற அமைதிச் சபைகளே பெரும்பாலும் ஏற்றன. வாரியம் நம்பாதவர்களும் எதற்கும் இணங்காதவர்களும் சிறைக்குப் போனார்கள், ஏறத்தாழ 6,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவினர். மத போதகர்களுக்கு விலக்கு உண்டு, நாங்கள் ஒவ்வொருவரும் போதகர்களே என்றார்கள், வாரியங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

முள்வேலிக்குள் இருந்தவர்களையும் கூப்பிட்டார்களா?

கூப்பிட்டார்கள். பேர்ல் ஹார்பருக்குப் பிறகு ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை, இங்கேயே பிறந்த குடிமக்களையும் சேர்த்து, அந்நியர்களுக்கான 4-சி வகையில் தள்ளினார்கள். குடும்பத்தோடு முகாம்களில் அடைத்தார்கள். 1944 ஜனவரியில் அதே இளைஞர்களுக்கு டிராஃப்ட் பொருந்தும் என்று அறிவிப்பு. வயோமிங்கின் ஹார்ட் மவுண்டன் முகாமில், முதலில் எங்கள் குடும்பங்களை விடுங்கள், பிறகு வருகிறோம் என்றார்கள். 63 பேருக்கு ஒரே விசாரணையில் தண்டனை. 1947 டிசம்பரில் ட்ரூமன் மன்னிப்பு வழங்கினார்.

அந்தப் பதக்கத்துக்கு வருவோம். யாருக்குக் கொடுத்தார்கள்?

1945 ஜூலை 2 அன்று வந்த சட்டம். செலக்டிவ் சர்வீஸில் ஊதியமில்லாமல் இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் பணியாற்றியவர்களுக்கு நாடாளுமன்றத்தின் பெயரால் பதக்கம். வாரிய உறுப்பினர், மேல்முறையீட்டு வாரிய உறுப்பினர், மருத்துவர் எல்லாரும் இதில் அடக்கம். வீரத்துக்கு அல்ல, விசுவாசமான சேவைக்கு. எத்தனை பேரை அனுப்பினார், எத்தனை பேரை விட்டார் என்றெல்லாம் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இரண்டு ஆண்டு காசு வாங்காமல் உட்கார்ந்திருந்தாரா, அவ்வளவுதான்.

ஊரில் அதை எப்படி அணிந்திருப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. பையனைப் பறிகொடுத்த குடும்பம் இரண்டு தெரு தள்ளி இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குச் சட்டையில் குத்திக்கொண்டு போக முடியுமா? என்னிடம் இருக்கும் பதக்கத்தின் ரிப்பனில் அணிந்த மடிப்பு ஒன்றுகூட இல்லை. பெட்டியிலேயே இருந்திருக்கிறது.

தலைமைக்கு என்ன கிடைத்தது?

தலைமைக்குச் சீருடைப் பதக்கமும் நட்சத்திரங்களும். முதல் போரில் அமைப்பை உருவாக்கிய கிரவுடருக்கு டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல். அதே பதக்கம் 1946இல் லூயிஸ் ஹெர்ஷிக்கும். இந்த ஹெர்ஷிதான் டிராஃப்ட் என்ற சொல்லுக்கே முகமாக இருந்தவர். இந்தியானாவின் பண்ணைப் பகுதியில் பிறந்து, 1911இல் மாநிலக் காவல்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர். போலோ ஆட்டத்தில் அடிபட்டு ஒரு கண்ணில் பார்வை போனது. 1941இல் இயக்குநர் ஆனார். ரூஸ்வெல்ட் தொடங்கி நிக்சன்வரை ஆறு குடியரசுத் தலைவர்களைப் பார்த்துவிட்டு 1970 பிப்ரவரியில்தான் நாற்காலியை விட்டார்.

அந்த விடைபெறுதலும் வேடிக்கையானது. மாணவர் எதிர்ப்பு தாங்காமல் நிக்சன் அவரை நகர்த்த விரும்பினார். விலக்கினார் என்று தெரியக் கூடாது. நான்காவது நட்சத்திரத்தைக் கொடுத்து, ஆலோசகர் பதவியும் கொடுத்து அனுப்பிவைத்தார். போர்க்களத்தில் படை நடத்தாமலே நான்கு நட்சத்திர ஜெனரல் ஆனவர். நம் அலுவலகங்களில் ஆகாதவரைப் பதவி உயர்வு கொடுத்து வேறு ஊருக்கு மாற்றுவார்களே, அதே கைவரிசைதான்.

1945இல் பதக்கம் வாங்கிய வாரியங்களுக்கு வியட்நாம் காலத்தில் ஏன் அவ்வளவு கெட்ட பெயர்?

ஆட்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள் என்பது ஒரு காரணம். 1967இல் அரசே அமைத்த ஆய்வுக்குழு பார்த்தபோது உறுப்பினர்களின் சராசரி வயது 58. கறுப்பினத்தவர் 1.3 சதவீதம்தான், மக்கள்தொகையில் அவர்கள் பத்தில் ஒருவருக்கும் மேல். அண்டை அயலார் என்ற சொல் பொய்யாகிவிட்டது. கல்லூரியில் படிப்பவனுக்கு ஒத்திவைப்பு, படிக்க வசதியில்லாதவனுக்கு ஓலை. ஒரே மாதிரி வழக்குக்கு இந்த ஊரில் ஒரு தீர்ப்பு, அந்த ஊரில் இன்னொன்று. இதை ஹெர்ஷி குறையாகவே பார்க்கவில்லை, உள்ளூர்ச் சுதந்திரம் என்றார்.

அவர் செய்த பெரும்பிழை 1967 அக்டோபரில். போரை எதிர்த்து ஆள்சேர்ப்பில் குறுக்கிடும் மாணவர்களின் ஒத்திவைப்பைப் பறிக்கலாம் என்று வாரியங்களுக்குக் கடிதம் எழுதினார். ராணுவச் சேவை தண்டனையாகிவிட்டது. 1968இலும் 1970இலும் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கத்தை முறித்தது. 1968 மே மாதம் மேரிலாந்தின் கேட்டன்ஸ்வில்லில் ஒன்பது கத்தோலிக்கர்கள் வாரிய அலுவலகத்துக்குள் புகுந்து, 378 கோப்புகளை வாகன நிறுத்துமிடத்துக்குத் தூக்கி வந்து, சொந்தமாகத் தயாரித்த நேபாம் என்ற எரிபொருளால் எரித்துவிட்டு, போலீஸ் வரும்வரை நின்று ஜெபித்தார்கள்.

குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் கதை எல்லாருக்கும் தெரிந்ததே. அவர் விலக்கை மறுத்ததும் கெண்டக்கியின் லூயிவில் நகர வாரியம்தான். 1967 ஏப்ரல் 28 அன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது முன்னே வர மறுத்தார். 1971இல் உச்ச நீதிமன்றம் 8–0 என்று தண்டனையை ரத்து செய்தது. அதற்குள் பட்டமும் போய் மூன்றரை ஆண்டு ஆட்டமும் போயிருந்தது.

1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது.

இந்தியாவில் இப்படி இருந்ததா?

நம்மவர்களுக்கு இல்லை. இரண்டாம் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த சுமார் 25 லட்சம் பேரும் தாமாகச் சேர்ந்தவர்கள், பசியும் ஒரு காரணம் என்பது வேறு விஷயம். இங்கே வாழ்ந்த ஐரோப்பிய பிரிட்டிஷாருக்குத்தான் கட்டாயச் சேவைச் சட்டம் இருந்தது. 1967 முதல் நேஷனல் சர்வீஸ் செய்துவரும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்தக் கேள்வியெல்லாம் வீட்டு விஷயம். ஆனால் அங்கே பொறுக்குவது இல்லை, ஆண் பிள்ளைகள் எல்லாரும் போக வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கிறோம். மகனுக்கு 18 ஆனதும் செலக்டிவ் சர்வீஸ் கடிதம் வந்தது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். இது பெயர்ப் பதிவு மட்டுமே. 1980இல் கார்ட்டர் காலத்தில் மீண்டும் வந்தது. 18 முதல் 25 வயதுவரை உள்ள ஆண் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் கட்டாயம். எஃப்-1 (மாணவர்), எச்-4 (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினர்) போன்ற செல்லுபடியாகும் விசாவில் இருப்பவருக்கு, அந்த விசா இருக்கும்வரை, தேவையில்லை. இங்கேதான் நம் குடும்பங்கள் சறுக்குகின்றன. பையன் எச்-4இல் இருந்தபோது வேண்டாம் என்று படித்திருப்பார்கள். இருபத்திரண்டு வயதில் கிரீன் கார்டு வந்ததும் மறந்துவிடுவார்கள். 26 ஆகிவிட்டால் பதிவு செய்யவே முடியாது. பிறகு குடியுரிமை விண்ணப்பத்திலும் மத்திய அரசு வேலையிலும் ஏன் பதியவில்லை என்று விளக்கம் எழுத வேண்டியிருக்கும். சட்டத்தில் ஐந்து ஆண்டுச் சிறை என்று இருக்கிறது, 1986க்குப் பிறகு யார் மேலும் வழக்குப் போடவில்லை. பதிவு முறையின் விதிகள் மாறக்கூடியவை என்பதால் அரசின் தளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வாரியங்கள் இன்றும் இருக்கின்றனவா?

இருக்கின்றன. ஐந்து பேர் கொண்ட வாரியங்கள், நாடெங்கும், சம்பளமில்லாமல். குடிமகனாக இருந்து அந்தப் பகுதியில் வசித்தால் ஆணோ பெண்ணோ விண்ணப்பிக்கலாம். போலீஸிலோ ராணுவத்திலோ இருப்பவருக்கு இடமில்லை. இருபது ஆண்டுக்கு மேல் யாரும் உட்கார முடியாது, 1967 அறிக்கையின் நிழல் அது. நம்மவர் ஒருவர் இதில் இருக்கிறார். வேலை என்னவென்று கேட்டேன். பயிற்சிக்குப் போய்வந்தாராம், அதன் பிறகு கூப்பிடவே இல்லையாம். “கூப்பிடாமலே இருபது வருஷம் முடிஞ்சுட்டா சாமிக்கு மொட்டை போடுறேன்னு வேண்டியிருக்கேன்” என்றார்.